ஒன்பது நாள்

சமையலறை மேசையில் இரண்டு காகிதங்கள்.
ஒன்று வக்கீல் ஃபெல்கேட் கொடுத்தது:
"ஜெயித்தால் மட்டுமே எங்கள் கூலி."
இன்னொன்று குறைதீர்ப்பாளரின் படிவம், பதினோரு பக்கம்,
நூலகத்தில் பக்கத்துக்குப் பத்துப் பென்ஸ் கொடுத்து
நானே அச்செடுத்தது.

ஒன்றின் மேல் உப்புக் குப்பி, ஒன்றின் மேல் மிளகுக் குப்பி.
ஹம்பர் முகத்துவாரத்துக் காற்று
கிரிம்ஸ்பியில் எந்த ஜன்னலையும் மதிப்பதில்லை.

ஹேசல் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதில்லை,
இரு உள்ளங்கைக்கு நடுவே ஏந்துகிறாள்.
முப்பத்தொரு வருஷம் மீன் அறுத்த கை.
ஒரு ஹேடாக்கை முள் தங்காமல் பிரிக்கப் பதினேழு நொடி,
நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
இப்போது நான்கு விரல்கள்
முதல் கணுவோடு முடிந்துவிடுகின்றன.

"சிறுநீர்த் தொற்றுதான், காலையில் டாக்டர் பார்ப்பார்"
என்று சொல்லிவிட்டுப் போன இரவு அது.
காலையில் டாக்டர் பார்த்தபோது
ரத்தமெல்லாம் நஞ்சு.
ஐந்து வாரம் கழித்து, கறுத்ததை எடுத்தார்கள்.

மருத்துவமனை பதில் போட்டது:
"தங்கள் அனுபவம் எதிர்பார்ப்புக்கு ஏற்ப
அமையாமல் போனதற்கு வருந்துகிறோம்."
மூன்று தடவை படித்தேன்.
அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை.

கேஸ் போடுவோம் என்றேன்.
கூண்டில் ஏறி நிற்கட்டும்,
கைமேல் காசு வாங்காமல் விடக்கூடாது.
ஹேசல் தன் கையைப் பார்த்தாள்.

ஃபெல்கேட் நல்லவள், எதையும் ஒளிக்கவில்லை.
மூன்று வருஷக் கெடு, இரண்டுக்கு மேல் மிச்சம்.
நிபுணர் அறிக்கை வரவே எட்டு மாதம் ஆகும்.
பெரும்பாலும் கோர்ட் வாசலைத் தொடாது,
வழியிலேயே ஒரு தொகை பேசி முடிப்பார்கள்.
தப்பென்று ஒப்புக்கொள்ளாமலும் பணம் தரலாம்.
கட்டைவிரலுக்கு இவ்வளவு, ஆள்காட்டிக்கு இவ்வளவு என்று
அவளிடம் ஒரு புத்தகம்கூட இருந்தது.
மீன் ஏலத்தில் நாற்பது வருஷம் நின்றவன் நான்,
எடைக்கு விலை சொல்லும் குரல் பழக்கம்தான்.
அன்று கசந்தது.

குறைதீர்ப்பாளர் அலுவலகத்துப் பையன் போனில் சொன்னான்:
"இழப்பீடுதான் வேண்டுமென்றால் கோர்ட்டைப் பாருங்கள்.
அங்கே கிடைக்கக்கூடியதை
நாங்கள் எடுத்து விசாரிப்பது அபூர்வம்.
விளக்கம் வேண்டும், மன்னிப்பு வேண்டும்,
அடுத்தவருக்கு இப்படி நேரக்கூடாது என்றால் எழுதுங்கள்.
ஒரு வருஷக் கெடு."
காகிதம் புரளும் சத்தம். பிறகு, தணிந்த குரலில்,
"உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள்."

ஹேசல் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
ஆறோடு நின்றாள்.
மிச்ச மூன்றுக்கு
என் கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்று ராத்திரி சண்டை.
குளியலறையை மாற்ற வேண்டும் என்றேன்,
குழாய்த் திருகை உன்னால் திருப்ப முடியவில்லையே,
மன்னிப்புக் கடிதமா வந்து திருப்பும்?
"பணம் வேண்டாமென்று நான் எப்போது சொன்னேன்?" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
வெளியே போய்க் குப்பைத்தொட்டியைத் தேவையில்லாமல்
நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் காலை
மிளகுக் குப்பியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.
"முதலில் கெடுவதை முதலில் அறுக்கணும், க்ளைவ்.
வக்கீலுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, ஐஸில் கிடக்கட்டும்.
பேனாவை எடு."

பெயர், முகவரி, வார்டு, தேதி.
சட்ட நடவடிக்கை எடுத்திருக்கிறீர்களா?
"இதுவரை இல்லை," என்று எழுதச் சொன்னாள்,
'இதுவரை'யை அழுத்தி.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெரிய வெற்றுக் கட்டம்:
உங்களுக்கு என்ன வேண்டும்?

தேநீர் ஆறி ஆடை படியும்வரை பேசவில்லை.

"எழுது. நாலு பத்துக்கு மணியை அழுத்தினேன்.
சுவர்க் கடிகாரம் எனக்கு நேரெதிரே இருந்தது.
நாலு பத்துக்கு
எனக்குப் பத்து விரலும் இருந்தன.
அதற்குமேல் நினைவில்லை.
அவர்கள் வந்தது எத்தனை மணிக்கு?
அதை எழுதித் தரச் சொல்."

"அவ்வளவுதானா?"

"கையெழுத்தோடு."